அக்காவிடம் இருக்கும் வெள்ளைச் சோளம்

ஏப்ரல் 21
கல்லூரித் தோட்டத்தில் முப்பத்தாறு மேடு கட்டியாயிற்று. மேட்டுக்கு நான்கு விதைமணி, ஆக நூற்று நாற்பத்து நான்கு. ஒனைடா பழங்குடி மக்களின் தோட்டம் என்று பலகை வைத்துவிட்டுக் கடை விதையையா போடுவது? அந்தக் குடியில் பிறந்தவள் என்று என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். அம்மாவின் வெள்ளை மக்காச்சோளம்தான் வேண்டும். அது ஆர்ஃபா அக்காவிடம் மட்டுமே இருக்கிறது. அவள் எங்கள் முன்னோரின் நீள்வீட்டுச் சடங்குகளை விடாதவள். அம்மாவை நான் தேவாலய முறைப்படி அடக்கம் செய்ததிலிருந்து பேச்சில்லை. பதினோரு வருடம்.

ஏப்ரல் 24
அக்காவுக்குக் கடிதம் போட்டேன். கல்லூரி அலுவலகத்து ஹைடி கொடுத்த படிவமும் உள்ளே. விதையைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டதாக, தருபவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

மே 2
அக்கா தொலைபேசியில்.
"கையெழுத்தா கேக்குற? நம்ம ஆளுங்க போட்ட கையெழுத்துல நெலம் போனது போதாதாடி? இப்ப அம்மாவையும் எழுதித் தரணுமா?"
வைத்துவிட்டாள். அந்தத் தாளை மூணு தடவ படிச்சேனே, எங்க போச்சு என் புத்தி — அவ குரல் அப்படியே அம்மா குரலா ஆயிடுச்சு.

மே 3
ஆராதனையில் உதடு மட்டும் அசைந்தது.

மே 9
தாள் கேட்காமல் வாங்கும் விதையைத்தான் நடுவேன் என்று ஹைடியிடம் சொன்னேன்.
"வேற விதை வாங்கிக்கலாமே, வெர்னா?"
"அப்ப நீங்களே நட்டுக்கங்க. என் பாத்தி சும்மாவே கெடக்கட்டும்."
மேலிடத்தில் கேட்கிறேன் என்றாள். பாவம், நல்லவள்.
என் வீட்டுக்காரர் எல்வுட் சிரிக்கிறார்: "அக்காளும் தங்கச்சியும் ஒரே அச்சு. நடுவுல சோளம்தான் பாவம்."

மே 19
ஓக் இலை அணில் காதளவு வந்துவிட்டது; சோளம் நடும் பருவம் அதுதான். சனிக்கிழமை நட்டாக வேண்டும். அக்கா வீட்டுக்குப் போனேன். உத்தரத்தில் பின்னித் தொங்கும் கதிர்கள் சன்னல் வழியே தெரிந்தன. கதவுக்கு வெளியே நின்றபடி, "தாள் வேணாம்க்கா. கேட்டது என் தப்பு. சனிக்கிழமை நடவு" என்றேன். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினாள்.
கர்த்தரே, விதை இல்லாவிட்டால் போகட்டும். அவள் என்னை ஒருமுறை பார்க்கட்டும்.

மே 23
அக்கா ஒரு பின்னல் கதிரோடு காரிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்க்காமல், "மேடு ஒசரம் பத்தாது" என்றாள். மண்ணுக்கும் மழைக்கும் நன்றி சொல்லும் வார்த்தைகளை அவளே சொன்னாள். நான் தலை குனிந்து நின்றேன். ஹைடி படிவம் எதுவும் இல்லாமல், வெறுங்கையோடு தள்ளி நின்றாள்.
நட்டு முடித்ததும் காப்பி ஊற்றி, அவளுக்குப் பிடித்தபடி மூன்று கரண்டி சர்க்கரை போடப் போனேன். கோப்பையைக் கையால் மூடினாள்.
"நிறுத்தி ஆறு வருஷமாச்சு. மாத்திரைதான்."
ஆறு வருடம். எனக்குத் தெரியாது.
"சோளம் மொளச்சதும் அதே மேட்டுல பீன்ஸ் போட வர்ற அன்னைக்கு மாத்திரைய மறந்துடாதக்கா."
"தெரியும்டி" என்றாள், என்னைப் பார்த்து.