சொந்தப் பட்டி முதலில்

மார்ச் 4, செவ்வாய்

"உங்க பையன் உங்க வகுப்புலயே படிச்சானே வெர்னா, அவனை எப்படிச் சமாளிச்சீங்க?"

ஆறு வருடங்களுக்கு முன் வார்விக் டான்சி என்னிடம் கேட்டது. அவர் எங்கள் ஊர் டின்டாராவின் மேயரான முதல் வாரம். நகர மன்றக் கூட்டம் முடிந்து நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மன்றத்தில் நானும் ஓர் உறுப்பினர். ஆனாலும் கோப்பை கழுவுவது எப்படியோ என் வேலையாகிவிடும். ஊருக்கெல்லாம் அவர் செல்லமாக வாஸா. ஆட்டுச் சந்தையில் ஏலம் விட்ட குரல் அது. கிசுகிசுத்தாலும் வாசல்வரை கேட்கும்.

உதாரணம் இல்லாமல் எதையும் சொல்ல எனக்கு வராது. முப்பத்தொரு வருடம் ஆசிரியையாக இருந்த பழக்கம். ஆறாம் வகுப்பு ஜன்னல் கதையைச் சொன்னேன். யாரோ பந்தடித்துக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் என் மகன் க்ளென்னை எழுப்பி நிறுத்தி, இந்த வருடம் இனி உனக்குக் கால்பந்து கிடையாது என்றேன். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. மதியத்துக்குள் இரண்டு பையன்கள் அழுதுகொண்டே வந்து ஒத்துக்கொண்டார்கள். அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும்.

வார்விக் தொடையில் தட்டிச் சிரித்தார். "சந்தையில நானும் அதான் பண்றேன்! முதல்ல என் சொந்தப் பட்டியைத்தான் விப்பேன். விலை கம்மியாப் போனாலும் போகட்டும். 'தன் ஆட்டையே விட்டுக் குடுக்கறான்டா, இவனை நம்பலாம்'னு வாங்க வந்தவன் நினைப்பான். அப்புறம் பாருங்க, பத்தாவது பட்டிக்கு அவனே கையைத் தூக்கிட்டு நிப்பான்."

இன்று ஏன் இது நினைவுக்கு வந்தது? வார்விக் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறார். வாக்குச்சாவடி வாசலில் அவருக்காக, எப்படி ஓட்டுப் போடுவது என்று காட்டும் அட்டையைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முடியாது என்று எப்படிச் சொல்வேன்?


மார்ச் 6, வியாழன்

என் கணவர் லின்ட்சேவுக்கு இன்று ரத்தச் சுத்திகரிப்பு. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலரை மணி நேரம். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு மெஷினோடு இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. மேயரான இரண்டாம் வருடத்தில் வார்விக் ஊரார் கொடுத்த ஆடுகளைத் தானே ஏலம் விட்டு வாங்கி வைத்தவை. சுவரில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

"தகட்டை இன்னிக்குத் துடைச்சியா?" என்று லின்ட்சே நர்ஸ் நோலீனைக் கேட்டார்.

"உன் மொட்டைத்தலையைத் துடைச்சதுக்கப்புறம் துணி மிஞ்சினா துடைக்கிறேன்."

வீட்டிலிருந்து நடந்தால் ஒன்பது நிமிடம். அதனால்தான் அவர் இன்னும் காலையில் தோட்டத்துக் குழாயைத் திருப்புகிறார், எலுமிச்சை மரத்தைத் திட்டுகிறார், என்னையும் திட்டுகிறார்.


நவம்பர் 22, சனி

காலை எட்டிலிருந்து பள்ளி வாசலில். வாக்குச்சீட்டில் ஆறு பெயர். முதல் விருப்பத்துக்கு 1, கடைசிக்கு 6; ஆறு கட்டத்திலும் எண் போடாவிட்டால் சீட்டு செல்லாது. எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று எங்கள் அட்டையில் அச்சடித்திருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். "டீச்சர் குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிக்கொண்டு, பெற்றோர் சங்கத்துக்காரர்கள் சுடும் சாஸேஜுக்கு வரிசையில் போய் நின்றார்கள். தலையில் கட்சி நிறத் தொப்பி. கழுத்து வெந்துவிட்டது.

வார்விக் ஜெயித்தார். என் கையைப் பிடித்து, "உங்களை மறக்கமாட்டேன்" என்றார்.

மறக்கவில்லை. அதைப் பின்னால் எழுதுவேன் என்று அப்போது தெரியாது. இந்த வரி ஐந்து வருடம் கழித்து ஓரத்தில் சேர்த்தது.


பிப்ரவரி 11 — இரண்டாவது நோட்டு

வார்விக் மாநில முதல்வர். சட்டமன்றத்துக்குப் போன ஐந்தே வருடத்தில்.

கட்சிக்குள்ளேயே வாக்கெடுப்பு நடத்திப் பழைய முதல்வரை இறக்கிவிட்டார்கள். இருபத்துநாலுக்கு இருபத்தொன்று. வார்விக்கை மந்திரியாக்கியவரே அந்தப் பழைய முதல்வர்தான். வார்விக் அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டு ரோஸ்ட் சாப்பிட்டார், செவ்வாய்க்கிழமை காலை நாற்காலியை எடுத்துக்கொண்டார். தொலைக்காட்சியில் அந்த மனிதர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். காரின் கதவு திறக்கவில்லை. சாவியை அதற்குள் வாங்கிவிட்டிருந்தார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

லின்ட்சே சிரித்தார். நானும் சிரித்தேன். நம் ஊர்க்காரன் ஜெயித்தால் எதற்கும் சிரிக்க வருகிறது.


ஏப்ரல் 15, செவ்வாய்

மாலை நாலு மணிக்கு வார்விக்கே போன் செய்தார்.

"வெர்னா, நாளைக்குப் பேப்பர்ல வரும். அதுக்கு முன்னால நானே சொல்லிடணும்னு நினைச்சேன். சின்ன ஆஸ்பத்திரிங்கள்ல பதினோரு பிரிவை மூடறோம்."

"எங்க ஊர்ல?"

"முதல்லயே உங்க ஊருதான். நம்ம ஊருதான். என் பேர் போட்ட ரூமையே முதல்ல மூடறேன்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே" என்றார். குரலில் நன்றி இருந்தது. அதுதான் தாங்கவில்லை — உண்மையான நன்றி.


ஏப்ரல் 16, புதன்

தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். ஜன்னல், கண்ணாடி, ஆறாம் வகுப்பு, கால்பந்து எல்லாம். "எங்க ஊர்ல ஒரு டீச்சர். பெத்த பையன் க்ளென்னையே முதல்ல எழுப்பி நிறுத்தினாங்க. அந்தத் தைரியம் இந்த அரசாங்கத்துக்கும் இருக்கு." பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். மற்றப் பத்து ஊர்க்காரர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். சொந்த ஊரையே வெட்டியவனிடம் யார் போய் என்ன கேட்பது?

அரைமணியில் க்ளென்னின் போன். மேற்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை, அவன் அப்பாவின் பிறந்த நாளுக்கு ஒரு முறை பேசுவான். ஏப்ரலில் பேசியதே இல்லை.

"கேன்டீன்ல டிவி ஓடிட்டு இருந்துது. எல்லாரும் என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு. அது நீதானேடான்னு."

"க்ளென் —"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. அந்தக் கண்ணாடி உடைஞ்சப்போ நான் எங்க இருந்தேன்?"

முப்பது வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் போல. உடனே பதில் வந்தது.

"புத்தக அறையில. என்கூட. புத்தகங்களுக்கு அட்டை போட்டுட்டு இருந்தே."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

போனை வைத்துவிட்டான்.

முதல் நோட்டில் மார்ச் 4-ஐப் புரட்டிப் பார்த்தேன். இதை நான் அங்கே எழுதவில்லை. எனக்கு நானே எழுதும் நோட்டில்கூட.


மே 2, வெள்ளி

அறை மூடப்பட்டது. நோலீன் தன் கோப்பையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்தவள்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நின்னு கார்டு குடுத்தியே வெர்னா. தொப்பி வேற. தொப்பியாவது திருப்பி வாங்கிட்டானா?"

"இல்ல."

"வெச்சுக்கோ. லின்ட்சேவைக் கூட்டிட்டுப் போறப்ப வெயிலுக்கு ஆகும்."


மே 20, செவ்வாய்

பெல்ஃபோர்ட் ஆஸ்பத்திரி நூற்று எண்பது கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் இருட்டும்போது வீடு. செவ்வாய், வியாழன், சனி. இன்று ஒரு கங்காரு வண்டியில் மோதி முன்விளக்கு போய்விட்டது. லின்ட்சே இறங்கி கங்காருவைப் பார்த்தார். உயிர் இருந்தது. சாலையோரம் இழுத்துப் போடக்கூட அவர் கையில் வலுவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே நிலைமை" என்றார்.


ஜூன் 13, வெள்ளி

வார்விக் ஊரில் உள்ள தன் அலுவலகத்துக்கு வந்திருந்தார். போனேன். எழுந்து நின்று வரவேற்றார், பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

"ஒரு நாற்காலி போதும்" என்றேன். "அவருக்கு அந்தப் பயணம் ஆகலை. மெஷின் அங்கேயேதான் இருக்கு. நோலீன் சும்மாதான் உக்காந்திருக்கா. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"உங்களுக்குச் செஞ்சா மத்த பத்து ஊரும் வாசல்ல வந்து நிக்கும். என் பட்டியை மட்டும் பின்னால ஒளிச்சு வெச்சேன்னு சொல்வாங்க."

"அவர் செத்துப்போயிடுவார், வார்விக்."

பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார். என்னைப் பார்த்துக் கேட்டார், கேலியாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல: "அன்னிக்கு உங்க பையன் அழுதப்போ நீங்க என்ன பண்ணீங்க?"

"அவன் அழலை."

"அதான். நல்ல பசங்க அழமாட்டாங்க" என்று எழுந்தார். அடுத்து யாரோ காத்திருந்தார்கள்.


ஜூலை 8, செவ்வாய்

இன்று லின்ட்சே காரில் ஏறவில்லை. சட்டை போட்டு, தொப்பி வைத்து, வராந்தா வரை வந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"போதும்மா."

"இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல."

டாக்டரிடம் போனில் அவரே பேசினார், ஆட்டுத் தீவனம் இனி வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்வதுபோல. பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகலாம் என்றார்களாம். "அதுக்குள்ள எலுமிச்சையைக் கவாத்து பண்ணிடலாம்" என்றார். கத்தரிக்கோலை நான்தான் பிடித்தேன். அவர் நாற்காலியிலிருந்து எந்தக் கிளை என்று கை காட்டினார். எல்லாம் தப்பாக வெட்டுகிறேனாம்.


ஜூலை 10

நோலீன் வந்தாள். சம்பளம் இல்லை, சீருடை இல்லை. கால் வீக்கத்தைப் பார்த்தாள், உதட்டுக்கு ஈரம் வைத்தாள். என்னோடு பேசவில்லை. தினமும் வருகிறாள்.


ஜூலை 19, சனி

காலை பத்தரை. க்ளென்னின் விமானம் மதியம்தான்.


ஜூலை 24

அடக்கம் முடிந்தது. முதல்வர் அலுவலகத்திலிருந்து மலர் வளையம், அச்சடித்த அட்டையுடன். லின்ட்சே பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் பிழைகளைத் திருத்திய கை; பையில் பேனாவைத் தேடியது.

க்ளென் சவப்பெட்டியைச் சுமந்தான், விருந்தாளிகளுக்கு சாண்ட்விச் பரிமாறினான், கோப்பைகளைக் கழுவினான். என்னிடம் கேட்டதெல்லாம் "துணி எங்க இருக்கு?" ஒன்றுதான். மறுநாள் காலையே போய்விட்டான்.


செப்டம்பர் 30

செய்தித்தாளில் படம். கடற்கரை ஊர் ஒன்றில் வார்விக் ரிப்பன் வெட்டுகிறார். போன தேர்தலில் கட்சி நூற்றுச் சொச்சம் வாக்கில் தோற்ற தொகுதி. பின்னால் இரண்டு சுத்திகரிப்பு நாற்காலிகள். இடப்பக்க நாற்காலியின் கைப்பிடியில் கிழிசல். அதில் நோலீன் ஒட்டிய பச்சை நாடா. லின்ட்சே அதை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருப்பார்.


நவம்பர், தேர்தல் சனி

யாருக்கும் அட்டை கொடுக்கவில்லை. வாக்குப் போட மட்டும் போனேன். சாஸேஜ் அடுப்பில் வார்விக், ஏப்ரன் கட்டிக்கொண்டு, இடுக்கியோடு. சுற்றிலும் கேமராக்கள்.

"வெர்னா! வெங்காயம் போடவா?"

"வேண்டாம்."

"லின்ட்சே எப்படி இருக்கார்? வரலையா?"

பக்கத்தில் நின்ற உதவியாளன் அவர் காதில் ஏதோ சொன்னான். வார்விக்கின் முகம் ஒரு கணம் — இல்லை, நான் ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தேன், அவ்வளவுதான். ரொட்டியில் சாஸேஜை வைத்து எனக்குப் பின்னால் நின்றவரிடம் நீட்டினார்.

உள்ளே, அவர் பெயருக்கு எதிரே முதலில் 6 என்று போட்டேன். பிறகுதான் மற்றக் கட்டங்கள்.

வெளியே என் பழைய மாணவன் ஒருவன், இப்போது கோதுமை விவசாயி, நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சொந்த ஊரையே வெட்டினான்டா. நேர்மையான ஆளு. டீச்சர் கதையைக் கேட்டேல்ல?"


அடுத்த நாள்

ஜெயித்துவிட்டார். எங்கள் பள்ளி வாக்குச்சாவடியில் போன தடவையைவிட அதிகம்.


டிசம்பர் 5, வெள்ளி

பள்ளித் தலைமையாசிரியையிடம் கேட்டு, பழைய தண்டனைப் பதிவேட்டை எடுத்தேன். புத்தக அறையிலேயே இருந்தது, ஈரவாடையோடு. என் கையெழுத்து அப்போது அழகாக இருந்திருக்கிறது. "க்ளென் ஹாஸ்கெட். கண்ணாடி உடைத்தது. கால்பந்து தடை." கீழே உண்மையாக உடைத்த இரண்டு பெயர்கள், அவர்களுக்கு ஒரு மதியம் குப்பை பொறுக்கும் வேலை மட்டும். ஒத்துக்கொண்டார்கள் அல்லவா, அதனால்.

பக்கத்தில் எழுதினேன்: "இவன் உடைக்கவில்லை. தண்டனை கொடுக்கும்போதே எனக்குத் தெரியும்." கையெழுத்து, இன்றைய தேதி. படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

மாலை பதில் வந்தது. "பார்த்தேன்." அவ்வளவுதான். வேறு ஏதாவது வருமா என்று போனைச் சமையல் மேடையிலேயே வைத்திருக்கிறேன்.

வார்விக்குக்கு நான் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தேன், அவர் அதை நன்றாகப் படித்தார். இந்த நோட்டு என்றைக்காவது வேறொருவர் கைக்குப் போனால் படிப்பவருக்கு வேறு பாடம் எதுவும் இல்லை, ஒரு பயிற்சி மட்டும்: ஊர் உன்னை நேர்மையானவர் என்று சொல்வதற்காக நீ யாரை முதலில் எழுப்பி நிறுத்தினாய் என்று யோசி, அந்தப் பெயரை ஒரு தாளில் எழுது, அந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே கொண்டுபோய் அவர் கையில் கொடு.