வெள்ளைக்காரன் காலத்தில் ஐ.ஆர். எட்டு

அன்புள்ள தேவகிருபைக்கு,

கர்த்தர் கிருபையால் குவைத்தில் நான் சுகம். உன் முட்டுவலியும் பிள்ளை ரெனிட்டாவின் இருமலும் குறைந்ததா?

எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. நீ எழுதி அனுப்பிய நாவலைச் சாப்பாட்டு வேளையில் பெருமையாக உரக்க வாசித்தேன். 1940இல் கான்சாபுரம் வயலில் ஐ.ஆர். எட்டு நெல் நடுகிறார்கள் என்றதும் கூட வேலை செய்யும் பாலகணேஷ் கத்தினான்: "ஏலே சத்தியநேசா, வெள்ளைக்காரன் காலத்துல ஏதுலே ஐ.ஆர். எட்டு? எங்க தாத்தாவே எழுபதுலதான் அதைக் கண்ணால பார்த்தாரு!"

நீ கேட்டபோது அந்த நெல்லைச் சொன்ன மடையன் நான்தான். எனக்குத் தெரிந்த பழைய நெல் அம்புட்டுத்தான். ஆனால் அந்தக் காலத்து விவசாயி, தொண்ணூறு வயது ராக்கப்பன் ஊரிலேயே இருக்க, இங்கே கிரேன் ஓட்டுகிற என்னிடமா விசாரிப்பாய்?

அச்சுக்குப் போகுமுன் அவரைப் பார். அவர் சொல்வதை எனக்கும் நீளமாக எழுது, போனில் முடித்துவிடாதே. அந்த நெல்லின் பெயரை அடித்துவிடு. நன்றிப் பக்கத்தில் என் பெயரை மட்டும் அடிக்காதே.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

சத்தியநேசன்