நாற்பத்து மூன்று கிலோ

மார்ச் 3, மாலை 6.40

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த வருடம் நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம் இது. வந்த பதில்: பூஜ்யம். போர் பறித்த காதுக்குப் போன் கேட்காது என்பதால்தான் எழுதுகிறேன். போர் உங்கள் கையை ஒன்றும் செய்யவில்லையே.

அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். படிக்கட்டின் நடுவிலுள்ள இடைவெளியில் கயிறும் உருளையும் மோட்டாரும் மாட்டி, அவளை நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கப் போகிறீர்களாம். லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துறைமுகக் கிரேன்களோடு முப்பது வருடம் இருந்தவர்தான் நீங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிரேன் தூக்கியது சரக்கு. இது அம்மா.

இடுப்பு எலும்பு முறிந்த நவம்பரிலிருந்து அவள் இரண்டாம் மாடியை விட்டு இறங்கவில்லை என்பது எனக்கும் தெரியும். மூட்டை மாதிரி தூக்கிப் போக விடமாட்டேன் என்கிறாள். அதனால் தரைத்தள வீடு ஒன்று பார்த்துவிட்டேன். உங்கள் கணக்கை அனுப்புங்கள். ஏப்ரல் முப்பதுக்குள் அது என்னிடம் தேறாவிட்டால், இருவரும் அங்கே குடிபோக வேண்டும். பேச்சு மாறக்கூடாது.

உங்கள் கடைக்குட்டி

*

மார்ச் 14

அன்பு மகனுக்கு,

நலம். ஒரு கையால் ஸ்பானரும் மறு கையால் பேனாவும் பிடிக்க முடியாததால் தாமதம்.

உன் தரைத்தள வீட்டை உன் அம்மாவிடம் சொன்னேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தானே என்றாள். அவளுக்குத் தன் வீடும் வேண்டும், தெருவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவதுதான் என் வேலை.

முதல் தடவையும் இல்லையே. போரில் பாலம் உடைந்தபோது ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, மருத்துவ முகாமையே நாற்காலியில் வைத்து அக்கரைக்கு இழுத்தேன். காயம்பட்டவர்கள் எல்லாரும் போன பிறகு கடைசியாக ஏறிய நர்ஸ், "கயிறு அறுந்துச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றாள். அறுந்துபோகவில்லை. ஆனாலும் இன்றுவரை சும்மா விடவில்லை.

கணக்கு இணைத்திருக்கிறேன். உன் நிபந்தனைக்குச் சம்மதம்.

அப்பா

*

மார்ச் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

கணக்கை மூன்று முறை பார்த்தேன். கயிறு சரி. உத்திரம் சரி. பிரேக் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம்.

முதல் வரியிலேயே கோட்டை விட்டிருக்கிறீர்கள். "பயணியின் எடை: 43 கிலோ." யார் அந்தப் பயணி? கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை முழுவதையும் அந்த 43-ஐ வைத்தே செய்திருக்கிறீர்கள். அம்மா உட்கார்ந்தால் இறங்கும்போது வேகம் எடுக்கும்; ஏறும்போது மோட்டார் திணறிப் பாதி வழியில் நிற்கும்.

அம்மாவிடமே கேட்டேன். முதலில் திட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அறுபத்தெட்டு. உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடா" என்றாள்.

சொல்லிவிட்டேன். இருபத்தைந்து கிலோ உதைக்கிறது. இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், வீட்டுக்காரர் காத்திருக்கிறார்.

கடைக்குட்டி

*

ஏப்ரல் 21

அன்பு மகனுக்கு,

தப்பு என்னுடையதுதான். ஆற்றங்கரையில் ஏறிய ஒவ்வொருவரையும் நிறுத்துத்தான் ஏற்றினேன். அன்று அவள் நாற்பத்து மூன்று. அதற்குப் பிறகு நாற்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவள் எடையை நான் கேட்டதில்லை. போரில் பிழைத்து வந்தவன் அப்படிப்பட்ட ஆபத்தைத் தேடிப் போகமாட்டான்.

இருபத்தைந்துக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, கட்டிலுக்கடியில் கால் இடித்தது. என் பட்டாளத்துப் பெட்டி. உள்ளே பூட்ஸ், பதக்கம், துருப்பிடித்த கருவிகள். நிறுத்தேன்: இருபத்திரண்டு. கூட ஒரு செங்கல். உன் அம்மா பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் சும்மா கிடந்துச்சு, இப்பவாவது ஒரு வேலை செய்யட்டும்" என்றாள்.

நீ சொன்ன இரண்டாவது பிரேக்கும் மாட்டினேன். முதலில் அறுபத்தொரு கிலோவான நான் உட்கார்ந்து, மடியில் ஏழு கிலோ மணல் மூட்டையோடு பத்து தடவை ஏறி இறங்கினேன். பிறகு அவள்.

உட்கார்ந்ததும் சொன்னாள்: "கயிறு அறுந்துச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன்."

அவள் இறங்க, பெட்டி ஏறியது. முதல் மாடியில் இரண்டும் சந்தித்தபோது கையை நீட்டி அதை ஒரு தட்டுத் தட்டினாள். கீழே கடை வைத்திருக்கும் தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். வாக்கரைப் பிடித்து வாசலைத் தாண்டினாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பொழுது சாய்ந்து நான் கூப்பிட்டபோதுதான் வாயைத் திறந்தாள்: "நாளைக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும்."

ஏறும்போது மோட்டார் முனகக்கூட இல்லை.

உன் வீட்டுக்காரரைக் காக்க வைக்காதே.

அப்பா

*

மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

தேறிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தை ஆபீசில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எங்கள் தலைமைப் பொறியாளர் எதிர் எடையின் படம் கேட்கிறார். செங்கலும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
கடைக்குட்டி

பி.கு.: இனி நான் செய்யப்போவது:

1. தரைத்தள வீடு வேண்டாம் என்று இன்றே சொல்வது.
2. லீவுக்கு எழுதிக் கொடுப்பது. கொடுக்காவிட்டாலும் கிளம்புவது.
3. உங்கள் இரண்டு பிரேக்கையும் என் கையால் சோதிப்பது. கோபித்துக்கொள்ளாதீர்கள், தொழில்.
4. அந்த நாற்காலியில் ஒரு தடவை போவது. நான் எண்பத்திரண்டு கிலோ. பள்ளிக்கூடத்து எடையைப் போட்டுவிடாதீர்கள்.
5. எடையை உங்களிடம் சொன்னதற்கு அம்மாவிடம் திட்டு வாங்குவது. அதற்காக நான் மாடி ஏறி வரமாட்டேன். பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்குவேன். அவளை அங்கே வந்து திட்டச் சொல்லுங்கள்.