மாத்திரைக்குக் கட்டிய கயிறு

ஐப்பசி 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். கொடியில் துணி காயவில்லை. காய்ந்தாலும் கரிச்சாம்பல்தான்.

வாங்க வேண்டியது: உப்பு, துவரம்பருப்பு, அவர் படத்துக்குப் பூ.

கொழுந்தன் சேகரின் பேன்ட் பையில் வலி மாத்திரை அட்டை. என் வீட்டுக்காரர் விழுங்கிய அதே மாத்திரை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அனல்மின் நிலையத்தில், கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை அள்ளும் கான்ட்ராக்ட் வேலை. அதே இடுப்பு வலி, டாக்டர் சீட்டு கேட்காமல் கொடுக்கிற அதே மருந்துக் கடை. அந்தக் கடைக்காரன் உருப்படுவானா.

மாமியார் வெள்ளிக்கிழமை சேகருக்குச் சாமி கயிறு கட்டப்போகிறார். குடியை நிறுத்தக் கட்டுகிற கயிறு, இப்போது மாத்திரைக்கு. ஆடியில் அவருக்கும் கட்டினார்கள். ஒரு வாரம் துடித்தார். பிறகு அறுத்துப்போட்டு, பழைய அளவையே விழுங்கிப் படுத்தார். மூச்சு நின்றுவிட்டது. சாமி குத்தமாம்.

புதன்
பெரிய ஆஸ்பத்திரி. ஏன் செத்தார் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். வலியை அடக்குகிற சரக்கை மூளை தானே செய்யுமாம். பெப்டைடு என்று ஏதோ பெயர். மாத்திரை வெளியிலிருந்து வந்தால் மூளை தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். கான்ட்ராக்ட் ஆள் வந்ததும் பர்மனென்ட் ஆள் உட்கார்ந்துகொள்கிற மாதிரி. அதோடு மாத்திரையை எதிர்த்து இழுக்க இன்னொன்றையும் சுரக்குமாம். மாத்திரையை நிறுத்தினால் அந்த இழுப்பு மட்டும் மிச்சம். அதுதான் நடுக்கம், வாந்தி, பேதி. சில நாள் விட்டுப் பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும்.

"டக்குனு நிறுத்தாதம்மா. கூட்டிகினு வா, வேற மருந்து குடுத்து மெல்லக் கொறைக்கலாம்."

இதை ஆடியில் சொல்ல ஒரு நாதி இல்லை. பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளி
மாமியாரிடம் சொன்னேன். கேட்கவில்லை. கட்டிவிட்டார்கள். அட்டையைச் சாக்கடையில் போட்டார் மாமியார், பெருமையாக.

சனி
கொட்டாவி. மூக்கொழுகல். கை காலெல்லாம் உதறல். அவருக்கு இருந்தது போலவே. நடிக்கிறான், கதவைப் பூட்டு என்கிறார் மாமியார்.

அரிவாள்மனையை எடுத்துப் போனேன்.

"தாலி அறுத்தவ, சாமி கயித்தையும் அறுக்கிறியாடி?"

"ஒரு புள்ளயப் பறிகுடுத்தீங்களே, போதலையா அத்தை?"

சேகர் கையை நீட்டினான். "அறுத்துடுங்க அண்ணி."

அறுத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் என் தோளிலேயே வாந்தி எடுத்தான். எடுக்கட்டும். மூச்சு இருக்கிறது.