டி.வி.யில் விரிந்த குடைக்கரை

மச்சான்,

கூடத்துக்கு வெள்ளையடிக்க வந்த ஆள், டி.வி. பலகையை நகர்த்திவிட்டுச் சுவரோரத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்து எடுத்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை. எலி தின்றது போக மிச்சம். "இது இன்னாத்துக்கு பெரியவரே, கடாசிடட்டா?" என்றான். வேண்டாம் என்று கையில் வாங்கிக்கொண்டேன். ரப்பர் இளகிப் பிசுபிசுவென்று ஒட்டியது. கூடவே அந்தச் சூடேறின தூசு வாசனை. அது மூக்கில் ஏறியதும், நீ வாயில் ஸ்க்ரூடிரைவரைக் கவ்விக்கொண்டு டி.வி.க்குப் பின்னால் குப்புறப் படுத்திருப்பது போலவே இருந்தது. நீ போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. உன் முதுகுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது, முகம் பிறகு.

அந்தக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்து நீ என் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஐயம்பேட்டையில் நீ வைத்திருந்த டிசைன் கடையைத் தெரியாத ஆள் உண்டா? ஊரில் பாதிக் கடைக்குப் புடவைக் கரையும் முந்தானையும் உன் கம்ப்யூட்டரில்தான் கட்டம் கட்டமாக வரைந்து, தறியில் மாட்டுகிற ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டையாக வெளியே வரும். அப்படிப்பட்டவன், கடைக்குப் புதிதாக வேறு வந்துவிட்டது என்று சொல்லி, பழையதைச் சும்மா கொண்டுவந்து என் கூடத்தில் இறக்குகிறாய். உன் தங்கச்சி பெற்ற என் மகள் செல்வி கம்ப்யூட்டர் படிக்க ஏனாத்தூருக்குப் போய்வருகிறாள், அவளுக்காக என்றாய். சரி, அதை மூலையில் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? "டி.வி.யோட சேத்துடறேன் மச்சான். கேபிள், பாட்டு, படம், எல்லாம் இந்த ஒரே பொட்டில வரும்" என்று நாளுக்கு ஒரு ஒயரோடு வந்துகொண்டே இருந்தாய்.

எனக்குப் படிப்பு எட்டாவது. ஆனால் சந்தேகத்தில் நான் பட்டம் வாங்கினவன். சும்மா கொடுக்கிறவனுக்கு என்னவோ வேண்டும் என்பது என் கணக்கு. உனக்கு என்ன வேண்டும் என்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதே கூடத்தில், டி.வி.க்கு எதிரே, என் தறியில் குடைக்கரை ஏறியிருந்தது.

அது நானாக யோசித்த முதல் கரை. அதுவரை அடுத்தவர் வரைந்ததைக் கூலிக்கு நெய்தவன். ஒரு வருஷம் கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரம் போயிருந்தேன். கூட்டத்தில் எனக்குச் சாமி தெரியவில்லை, ஆடி ஆடி வந்த குடைகள்தான் தெரிந்தன. தெரிந்ததை வரைந்தேன், அவ்வளவுதான். கடை முதலாளி தாளைப் பார்த்துவிட்டு, "வேற எந்தக் கடையிலயும் இது தொங்கக் கூடாது. தொங்கலன்னா ஆவணி முகூர்த்தத்துக்கு உன் தறிக்கும் உன் தம்பி தறிக்கும் வேலை குடுக்கறேன்" என்றார். டிசைன் வெளியே போனால் இரண்டு தறியும் காலி. அதனால்தான் மச்சான் கடை இருக்க, வெளியூரில் ஒரு கடையைத் தேடிப் போய் அட்டை அடித்துக்கொண்டு வந்தேன்.

நீ வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் போர்வையை எடுத்துத் தறிமேல் போட்டுவிடுவேன். எங்கள் தெருவில் தறியை மூடாத வீடு இல்லை. ஆனால் மச்சானைப் பார்த்து மூடின வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். நீயும் விடமாட்டாய்.

"இன்னா மச்சான், தறிக்கு ஜொரமா? இழுத்துப் போத்திகினு கெடக்குது?"

"தூசு படுது."

"ஒயர் வெக்கறது நான், தூசு படுறது உனக்கா? கஷாயம் கிஷாயம் குடுத்தியா?"

உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்கு இன்னும் சந்தேகம். அண்ணனும் தங்கையும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று.

உன் ஒரே பொட்டி ஒருவழியாக வேலை செய்தது. பாட்டு வந்தது, படம் வந்தது, கேபிளும் வந்தது. செல்வியின் பாடம் மட்டும் வரவில்லை. டி.வி. திரையில் எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோலம் மாதிரி இருந்தது. "மாமா, படிக்கறதுக்குன்னு குடுத்தது, இதுல படிக்கறது தவிர எல்லாம் வருது" என்றாள். நீ அசரவில்லை. அடுத்தது பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கர் வைக்கவேண்டும் என்றாய். பின்பக்கம் என்றால் தறி இருக்கும் பக்கம்.

நூல் முறுக்கும் பட்டறையிலிருந்து நான் பட்டு நூல் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன், போர்வை தரையில் கிடக்கிறது. நீ ஸ்பீக்கர் ஒயரைக் கையில் பிடித்தபடி என் கரையின்மேல் குனிந்து நிற்கிறாய். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டார் வந்துவிட்டார்கள்.

"கத்தாத மச்சான்" என்றாய். "அஞ்சாவது குடைக்குக் குஞ்சம் எங்க?"

"எந்தக் குஞ்சம்?"

"எல்லாக் குடைக்கும் ரெண்டு பக்கமும் தொங்குது. அஞ்சாவதுக்கு ஒரு பக்கம் மொட்டையா நிக்குது. திரும்ப அஞ்சாவது, திரும்ப மொட்டை. அட்டை அடிச்சவன் கோட்டை விட்டுட்டான். யாரு அடிச்சது?"

கட்டத்தாளில் வரைந்த என் கிராஃபை வாங்குவதற்கு நீ கட்டிய கதை என்றுதான் முதலில் நினைத்தேன். நீ போனபிறகு கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஜரிகைப் பளபளப்பில் என் கண் ஏமாந்திருந்தது. குஞ்சம் இல்லை.

முதலாளி அந்த வாரமே கரையைப் பார்க்க வருகிறார். வெளியூர்க்காரனைத் தேடிப் போக நேரம் இல்லை. குற்றத்தோடு காட்டினால் வேலை போச்சு. உன்னிடம் கிராஃபைக் கொடுத்தாலும் வேலை போச்சு. உன் தங்கச்சி சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள், "எங்கண்ணன நம்பலன்னா போவுது. உங்க கண்ண நம்பி எவ்ளோ நாளு நெய்யப் போறீங்க?"

கொடுத்தேன். ஆனால் நிபந்தனையோடு. வெளியூர்க்காரன் டிசைனை ஏற்றிக் கொடுத்த சி.டி. உன் கடைக்குப் போகக்கூடாது. என் கூடத்தில், என் கண் எதிரே, அந்தப் பெரிய டி.வி.யில் போட்டுத்தான் திருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் உனக்கும் வாசலுக்கும் நடுவில் பாய் போட்டு உட்கார்ந்தேன். தாளில் புளியங்கொட்டை அளவு இருந்த என் குடை, டி.வி.யில் கட்டம் கட்டமாக விரிந்து கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. அவ்வளவு பெரிதாக என் கையால் வரைந்த எதையும் நான் பார்த்ததில்லை. சந்தேகத்தைக்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். உன் தங்கச்சி முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்து, "இதான் படமா? எப்பத்தான் ஆளுங்க வருவாங்க?" என்று கேட்டாள்.

அட்டை அடிக்கவேண்டியதைக் குறித்துக்கொண்டாய். பிறகு நான் சொன்னபடி கம்ப்யூட்டரிலிருந்து என் கரையை அழித்தாய். முடிந்தது என்று நான் மூச்சு விடும் நேரத்தில் செல்வி, "அப்பா, அழிச்சது குப்பைத் தொட்டில இருக்குது பாரு, திரும்ப எடுக்கலாம்" என்று திறந்து காட்டினாள். என் குடை அங்கே முழுசாக உட்கார்ந்திருந்தது. நான் என்னென்ன பேசினேன் என்று உனக்கே தெரியும். உள்ளுக்குள் ஒளித்து வைத்துவிட்டு அழித்தேன் என்கிறாயா என்றேன். கம்ப்யூட்டரில் குப்பைத் தொட்டி என்று ஒன்று எல்லாருக்கும் இருக்கும் என்று செல்வி கத்தியது என் காதில் ஏறவில்லை.

அன்றைக்கு நீ கேலி செய்யவில்லை. அதுதான் புதுசு. பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து செங்கல் மாதிரி ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தாய். "உன் குடை, என் பாட்டு, படம், உம்பொண்ணு பாடம், எல்லாமே இதுக்குள்ளதான் இருக்குது. பீரோல வெச்சிப் பூட்டிக்க" என்றாய். காபி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்காமல் போய்விட்டாய்.

திருத்திய அட்டையை யார் மூலமோ கொடுத்தனுப்பினாய். முதலாளி வந்து பார்த்து, தலையாட்டி, இரண்டு தறிக்கும் வேலை கொடுத்தார். வீட்டில்தான் யாரும் என்னிடம் பேசவில்லை. கூடத்தில் பாட்டு இல்லை, படம் இல்லை. வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் எட்டிப் பார்ப்பேன். நீயாக இருக்கமாட்டாய்.

ஆடி முடிகிற நேரம். திடீரென்று வண்டியை வாசலில் நிறுத்தி, "ஏறு" என்றாய். நேராகப் பட்டுக்கடைத் தெரு. நம் முதலாளிக்குப் போட்டிக் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் என் குடைக்கரை தொங்கியது. திரும்பி உன்னைப் பார்த்தேன்.

"என்ன ஏன் பாக்குற? பொடவையப் பாரு" என்றாய்.

உள்ளே அழைத்துப்போய், வாங்குகிறவன் மாதிரி மிடுக்காக உட்கார்ந்து, கடைப்பையனை மடிப்பு மடிப்பாகப் பிரிக்கவைத்தாய். விரலால் குடைகளை எண்ணிக்கொண்டே போனேன். ஐந்தாவது மொட்டை. மறுபடி ஐந்தாவது, மறுபடி மொட்டை. நீ திருத்தினதற்கு முந்தின கரை அது. நான் உனக்குப் பயந்து யாரிடம் ஓடினேனோ, அவனிடமிருந்து போயிருக்கிறது. நீ கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாய். சிரித்த கையோடு நம் முதலாளியிடம் போய், அது குறைக்கரை, இதுதான் முழுக்கரை என்று எனக்காக வாதாடினாய். அப்படியும் தம்பி தறிக்கு வேலை போனது. என் தறிக்கு நின்றது.

வெளியே வந்து காபி குடிக்கும்போதும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"நான் வெளியூருக்குப் போயிதான் அடிச்சேன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"நீ போன அன்னிக்கே. ஏதோ சந்தேகம் கேக்க அந்தாளு எனக்குப் போன் போட்டான். 'உங்க மச்சான் ஏன் இவ்ளோ தூரம் வந்தாரு'ன்னு சிரிச்சான்."

"தெரிஞ்சிகினேவா கம்ப்யூட்டர எடுத்துகினு வந்த?"

காபியை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய். "நீ என் கடைக்கு வரமாட்டன்னு ஆயிடுச்சி. அதான் கடைய உங்கூடத்துல கொண்டாந்து வெச்சிப் பாத்தேன்."

ஆக, சும்மா கொடுக்கிறவனுக்கு என்னவோ வேண்டும் என்ற என் கணக்கு தப்பில்லை மச்சான். என்ன வேண்டும் என்பதில்தான் கோட்டை விட்டேன்.

சந்தேகம் இன்றும் போகவில்லை. போன் வாங்கிக் கொடுத்த மருமகனையே ஒரு வாரம் உற்றுப் பார்த்தேன். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இவனுக்கு என்ன வேண்டும் என்று மனசு கேட்டதும் முன்பெல்லாம் கதவைச் சாத்துவேன். இப்போது உட்காரச் சொல்லிக் காபி கொடுத்து, பதில் வரும்வரை பொறுத்துப் பார்க்கிறேன். எப்போதாவது ஒரு தடவை, வந்தவருக்கு வேண்டியது நான்தான் என்று தெரிகிறது.