ஜெயசித்ராவின் எழுத்து அளவு

மார்ச் 4, செவ்வாய். பெரம்பலூர்.

காலையில் அரியலூர் நூலகத்திலிருந்து ஜெயசித்ராவின் போன். பார்வை மிகக் குறைந்தவர். எங்கள் வாசிப்பு மென்பொருளை வைத்துத்தான் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். புதிய பதிப்பை நிறுவியதும் எழுத்தெல்லாம் பொடியாகிவிட்டதாம்.

"கறுப்புல மஞ்சளா, பெருசா வச்சிருந்தேங்க. எல்லாம் போயிடுச்சு. மாத்துற பட்டனே கண்ணுக்குத் தெரியல."

அந்தக் குரல் இன்னும் காதில்.

மார்ச் 5

காரணம் கிடைத்தது. பயனர் செய்யும் மாற்றங்களை மென்பொருள் இருக்கும் ஃபோல்டரிலேயே சேமிக்கிறோம். புதுப்பிக்கும்போது அந்த ஃபோல்டர் அழிகிறது. கூடவே ஜெயசித்ரா வைத்த எழுத்து அளவும். அதுமட்டுமா? அதே நூலகக் கணினியில் படிக்க வரும் தங்கசாமி ஐயா தன் கணக்கில் வெள்ளைப் பின்னணி வைத்தால் ஜெயசித்ராவுக்கும் வெள்ளை!

அவரவர் மாற்றங்களை அவரவர் கணக்கில் தனியே சேமிக்கலாம் என்றேன். எங்கள் மேலாளர் பிரசாத் ஒப்பவில்லை. "விண்டோஸ், லினக்ஸ், மேக், எல்லாத்துக்கும் ஒரே இடம். ஈஸியா இருக்கு. அத ஏன் கெடுக்கணும் மணிமொழி?"

"புரோகிராம் நம்முளுது சார். செட்டிங்ஸ் அவங்களுது."

சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. ரொம்பப் பேசிட்டேனோ?

மார்ச் 7

"திங்கக்கிழமை பண்ணிக் காட்டும்மா, பாக்கலாம்" என்றார் பிரசாத். போதும்.

மார்ச் 10, திங்கள்

விண்டோஸில் ஆப்டேட்டா, லினக்ஸில் டாட் கான்ஃபிக், மேக்கில் லைப்ரரி என்ற பெயர்களில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் இடத்தை அந்தந்த சிஸ்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. அது எங்கே என்று சிஸ்டத்திடம் கேட்டு, அங்கே எழுதினால் ஆயிற்று.

ஜெயசித்ரா வைத்திருந்ததுபோலவே கறுப்பில் பெரிய மஞ்சள் எழுத்து வைத்துவிட்டு, பிரசாத் முன்னால் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினேன். அதே மஞ்சள், அதே அளவு! நம்பாமல் அவரே அழித்தார், நிறுவினார். மஞ்சள்! மூன்று சிஸ்டத்திலும்!

"சரி, அனுப்பிடு" என்றார். பிறகு மெதுவாக, "நல்லா பண்ணிருக்கம்மா."

கத்தணும்போல இருந்தது. மாடிப்படியில் நின்று கத்தியும்விட்டேன்.

மார்ச் 14

நேற்றே புதிய பதிப்பு போய்விட்டது. ஜெயசித்ராவுக்குப் போன் போட்டு, நூலகத்தில் யாரையாவது உதவிக்கு வைத்துக்கொண்டு மறுபடி எழுத்தை மஞ்சளாக, பெரிதாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன். இனி அழியாது என்றேன். "பாப்போம்ங்க" என்றார்.

மார்ச் 22, சனி

வியாழனன்று இன்னொரு பதிப்பும் அனுப்பியிருந்தோம். இருப்புக் கொள்ளவில்லை, பஸ் ஏறி அரியலூர் போய்விட்டேன்.

தங்கசாமி ஐயா எழுந்த நாற்காலியில் ஜெயசித்ரா உட்கார்ந்தார். தன் கணக்கில் நுழைந்தார். கறுப்புத் திரை, உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் எழுத்து. எதையும் மாற்றவில்லை; நேராகப் படிக்கத் தொடங்கிவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"யாருங்க? கொஞ்சம் இருங்க, இந்தப் பாடத்த முடிச்சிடுறேன்" என்றார், திரும்பாமலே.

நின்றுகொண்டே இருந்தேன். முடிக்கட்டும்.