துரை முழுங்கிய எலாஸ்டிக்

மார்ச் 4

நாய்க்குத் துரை என்று பேர் வைத்தது என் வீட்டுக்காரர். ஊழியம் என் தலையில். நேற்றிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. குடித்த தண்ணீரும் வாந்தி. தையல் மெஷினுக்கு அடியில் கிடந்த எலாஸ்டிக்கைக் காணோம். முழுங்கியிருக்கும். “தானா வெளிய வந்துரும்” என்கிறார் இவர். வந்தால் துடைப்பது யாராம்?

மார்ச் 5

காலையில் பின்பக்கம் எலாஸ்டிக் நுனி தொங்கியது. “இழுக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுவோம்” என்று கத்தினேன். “உன் வேலையைப் பாரு” என்று இழுத்தே விட்டார். துரை அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

டாக்டர் ஸ்கேன் பார்த்தார். எலாஸ்டிக் வைத்துத் தைத்த பாவாடை இடுப்பு மாதிரி குடல் சுருங்கிக் கிடக்கிறதாம். “யாரோ பிடிச்சு இழுத்திருக்கீங்க. குடல் கிழிஞ்சிருக்கும். உடனே ஆபரேஷன் பண்ணணும்” என்றார். இவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? — நானும்தான் எத்தனையோ முழுங்கியிருக்கிறேன். எனக்கு யார் ஸ்கேன் எடுத்தார்கள்?

மார்ச் 6

பிழைத்துவிட்டது. அது என்ன பாவம் செய்தது, நன்றாக இருக்கட்டும். இவர் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார். போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்று ஆபீசில் ஆடிட் என்று போனவர். அக்காதான் கூட இருந்தாள். வயிறு எரிகிறது. நாய் மேல் இல்லை.

மார்ச் 9

துரை வீட்டுக்கு வந்தாச்சு. நாத்தனாரிடம் போனில் சொல்கிறார்: “இவ எலாஸ்டிக்கைக் கண்ட இடத்துல போட்டு வைப்பா. வாயில்லா ஜீவனுக்கு என்ன தெரியும்?”

நான் பக்கத்து ரூம்லதான் இருக்கேன். தெரிஞ்சேதான் சொல்றார். இழுத்தது யாரு? சொல்லட்டுமே, இழுத்தது யாருன்னு!

போய்க் கேட்டே விட்டேன். “இப்ப எதுக்கு அதைக் கிளறுறே?” என்றார்.

மார்ச் 10

அக்கா வண்டியோடு வந்தாள். மெஷினை ஏற்றினோம்.

மார்ச் 14

அக்கா வீட்டில் ஜன்னலோரம் மெஷின் போட்டிருக்கிறேன். வெளிச்சம் நன்றாக விழுகிறது. மத்தியானம் இவர் போன் செய்தார். “துரைக்கு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” முன்னாடி என்றேன். “சரி” என்று வைத்துவிட்டார். அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.